மத்தவங்க கையையும் பாருங்க

திருப்பூர்,
12-3-1961

தம்பி அர்த்தநாரிக்கு அக்கா ரங்காத்தாள் எழுதறது.

நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்க வரலை கண்ணு. நலமா இருந்திருந்தா உனக்கு நான் எழுதியே இருக்க மாட்டேன். மயிலாளுக்குக் காது குத்தறப்ப, தாய்மாமன் நீ வந்து மடி குடுப்பேன்னு நல்ல நேரம் தாண்டற வரைக்கும் காத்திருந்தோம். கடைசில யாரோ ஒருத்தர் மடியில வெச்சுக் குத்துனோம். வந்திருந்த ஒறம்பற சனம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. அன்னையிலிருந்து நீ போட்ட காயிதம் ஒண்ணைக்கூட நான் பிரிக்கலை. அந்தக் கோவம் இன்னும் அப்படியேதான் இருக்குது. சித்தெ அதை ஒரு பக்கமா வெச்சுட்டு எழுதறேன்.

உன்ற மச்சானுக்கு ஆத்தா வந்திருக்குது. முந்தாநாள் சலவைப் பட்டறையில பனியன் துணி அலசிக்கிட்டு இருந்தவிய, மேலு காயுதுன்னு மத்தியானமே வந்து படுத்துட்டாங்க. அன்னைக்குப் பொழுதோட பார்த்தா மார்லயும் முதுகுலயும் பொரிப்பொரியா முத்து. ஒரே அரிப்பு. எங்க மாமியா கருப்பாத்தா உடனே வாசல்ல வேப்பந்தழையைக் கட்டி, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு அவியளைக் கழுத்திலிருந்து கால் வரைக்கும் அப்பி உட்டுட்டாங்க. டாக்டர்ங்கற பேச்சையே எடுக்கப்படாதாம். வந்திருக்கறது பெரியவளா சின்னவளான்னு கேக்கக்கூடப் படாதாம்.

நான் உன்னைக் கேக்கறேன். நீ மெட்ராஸ்ல அம்மை குத்தற மருந்து, அந்த அம்மைப்பால் தயார் பண்ற எடத்துலதானே வேலை செய்யறே? பெரியம்மையா சின்னம்மையான்னு எப்படிப் பார்த்துத் தெரிஞ்சுக்கறது, சொல்லு. பக்கத்து வீதி சுப்பையனை ஊருக்கு வெளிய இருக்கற அம்மைக் கொட்டகைக்குக் கொண்டுபோனாங்க. நடந்து போய் வண்டி ஏறுன மனுசன் திரும்பி வரவே இல்லை. பெரியம்மையா இருந்து அவியளை ஊட்டுலயே வெச்சிருந்தா மயிலா போயிருவா. சின்னம்மையா இருந்து கொட்டகைக்குத் தாட்டி உட்டா, அங்க இருக்கற பெரியம்மை ஒட்டிக்கிட்டு அவிய போயிருவாங்க. அம்மை குத்தறவர் வந்தப்ப எங்க மாமியா புள்ளையை ஒளிச்சு வெச்சுட்டாங்க. அவ கையில ஒரு கீறல்கூட இல்லை. எனக்குப் பயமா இருக்குது தம்பி. சோறு உள்ள எறங்க மாட்டீங்குது.

இந்தக் காயிதத்தை வேப்பிலைப் புகையில காட்டித்தான் அனுப்பறேன். யாருகிட்டயும் சொல்லிப்போடாதே.

அக்கா.

✽

சென்னை,
15-3-1961

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மடி விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாங்க. இப்போது நான் சொல்வதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பெரியம்மை என்றால் காய்ச்சல் முதலில் வரும். முத்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் போடும். முகத்திலும் கை கால்களிலும் அதிகமாக இருக்கும். எல்லா முத்தும் ஒரே பருவமாக இருக்கும். முக்கியமாக உள்ளங்கையில் இருக்கும். சின்னம்மை அப்படி அல்ல. மார்பிலும் முதுகிலும் அதிகம். காய்ந்ததும் புதியதும் கலந்து கிடக்கும். உள்ளங்கையில் அனேகமாக இருக்காது.

ஆகவே மச்சானின் உள்ளங்கையைப் பாருங்கள். அங்கே இருந்தால் அது பெரியம்மைதான். அப்படியானால் நான் சுகாதாரக்காரர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. தினம் அம்மைப்பாலைக் குப்பியில் அடைக்கிறவன், தன் வீட்டில் மட்டும் மூடி மறைக்கலாமா? நம் வீட்டுக்காக நாலு தெருவைப் பலி கொடுக்க முடியாதுங்க.

எதுவாக இருந்தாலும் மயிலாளுக்கு உடனே அம்மை குத்திவிடுங்கள். அவளை எந்த ஊருக்கும் அனுப்பாதீர்கள். பயப்படாமல் பாருங்கள்.

தம்பி,
அர்த்தநாரி.

✽

திருப்பூர்,
18-3-1961

தம்பி,

இருக்குதடா. உள்ளங்கையில இருக்குது.

காயிதம் கைக்கு வந்ததும் மாமியா தண்ணிக்குப் போற நேரம் பார்த்து அவியற கையை விரிச்சுப் பார்த்தேன். ரெண்டு உள்ளங்கையிலயும் கொப்புளம். ரெண்டு மூணு ஒடைஞ்சு வேற கெடக்குது. மூஞ்சியிலயும் இருக்குது, நெத்தியில நெம்ப எச்சா இருக்குது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது. காய்ச்சல்கூட அன்னைக்கே வரலை போல. அதுக்கு முன்னாடியே ரெண்டு நாளா மேலு வலிக்குதுன்னு சொன்னாப்ல எனக்கு ஒரு நெனப்பு. நீ சொன்னது அத்தனையும் அப்படியே இருக்குது.

மயிலா "அப்பன்கிட்டப் போகோணும்"னு அழுவறா. இடுப்புலயே கட்டி வெச்சிருக்கறேன். அம்மை குத்தற பேச்சை எடுத்தேன். ஆத்தா ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கறப்ப ஊசி கீசின்னு பேசுனா ரெண்டு உசுரும் போயிரும்னு மாமியா குதிக்கறாங்க. நான் என்ன பண்ணுட்டும்?

உன்ற கால்ல உழுந்து கேக்கறேன், சுகாதாரக்காரங்களுக்குச் சொல்லிப்போடாதே. நீ சொன்னா வண்டி வந்துரும். நாலு தெருவைப் பத்திப் பேசறே, சரிதான். இந்தத் தெருவுல இருக்கறது உன்ற அக்கா.

ரங்காத்தாள்.

✽

சென்னை,
20-3-1961

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்குக் கோபத்தை உண்டாக்கும். ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் காய்ச்சலும் முத்தும் ஒரே நாளில் வந்தது என்றீர்கள். மார்பு, முதுகு, அரிப்பு என்றீர்கள். இரண்டாவதில் காய்ச்சல் முன்னாலேயே வந்த நினைவு என்கிறீர்கள். மார்பும் முதுகும் காணாமல் போய் நெற்றி வந்துவிட்டது. நடுவே என்ன நடந்தது? என்னுடைய கடிதம் வந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லைங்க. பயந்த கண் தான் எதற்குப் பயப்படுகிறதோ அதைத் தேடிப் பிடித்துவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கவேண்டிய நான், எதைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்றும் சேர்த்து எழுதித் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

முகத்தில்தான் மஞ்சள் அப்பவில்லை. உடம்பெல்லாம் மஞ்சளுக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் தெரிந்தது என்பதால் அங்கேதான் அதிகம் என்று ஆகிவிடுமா? ஆகவே முதுகில் ஒரு சாண் அளவுக்கு மஞ்சளைக் கழுவிவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மச்சான் நாள் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கையை வைக்கிறவர். அந்தக் கை கொப்பளிக்குமா இல்லையா? எனக்குத் தெரியாது. அவரோடு வேலை செய்கிறவர்களில் காய்ச்சல் இல்லாதவர்களின் உள்ளங்கையைப் பாருங்கள். அங்கேயும் கொப்புளம் இருந்தால், மச்சானின் உள்ளங்கை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

அக்கா, எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க. நான் பேசாமல் இருந்து அது பெரியம்மையாகப் போய்விட்டால்? இருபத்தைந்தாம் தேதிக்குள் உங்கள் பதில் வராவிட்டால் சுகாதாரக்காரர்களுக்குத் தந்தி அடிப்பேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். மயிலாளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

அர்த்தநாரி.

✽

திருப்பூர்,
22-3-1961

என்ற சாமி, தம்பி,

சின்னவதானாட்ட இருக்குது!

உன்ற காயிதத்தைப் படிச்சதும் நெசமாலுமே கோவம் வந்துச்சு. நான் பார்த்ததை இல்லைன்னு சொல்றதுக்கு நீ யாருன்னு. பொறவு முதுகைக் கழுவிப் பார்த்தேன். காஞ்சு பொருக்குத் தட்டுனதும் இருக்குது, நேத்துப் பூத்தாப்ல தண்ணியா இருக்கறதும் இருக்குது. முதுகு நெறைய இருக்குது. நெத்தியில எண்ணிப் பார்த்தா அஞ்சே அஞ்சுதான். அஞ்சை வெச்சுக்கிட்டா உனக்கு நெம்ப எச்சுன்னு எழுதுனேன்? அட கெரகமே!

இன்னைக்கு வெடியால பட்டறை ஆளுங்க மச்சானைப் பார்க்க வந்தாங்க. வேப்பந்தழையைப் பார்த்துட்டு வேலிக்கு அக்கட்டயே நின்னுக்கிட்டாங்க. "அல்லாரும் கையை நீட்டுங்க"ன்னேன். "ஏனுங்க, வெத்தலை ஏதாச்சும் குடுக்கறீங்களா?"ன்னு அப்புசாமி நீட்டுனாப்டி. பார்த்தா ஒருத்தர் பாக்கியில்லாம அல்லாரு உள்ளங்கையும் கொப்புளந்தான், வெந்த தோல்தான். இத்தனை வருசமா அவியற கையில சோறு உருட்டி வெச்சிருக்கறேன். ஒரு நாளும் அந்தக் கையை நான் பார்த்ததே இல்லையா? பார்த்திருப்பேன். அதுக்கு அர்த்தம் எதுவும் இல்லாததுனால மனசுல நிக்கலை.

இந்தக் காயிதத்தை அப்புசாமிகிட்டயே குடுத்து உடறேன். சுருக்கா தபால்ல போடச் சொல்லியிருக்கறேன். தந்தி கிந்தி அடிச்சுப்போடாதே கண்ணு. உன்ற மேல இருக்கற கோவத்துல பாதியைக் கழிச்சுட்டேன்.

அக்கா.

✽

திருப்பூர்,
28-3-1961

அர்த்தநாரிக்கு,

வந்துட்டாங்க. உன்ற தந்தி கெடைச்சு இருபத்தாறாந் தேதி வெடியால வண்டியோட வந்துட்டாங்க. சின்னம்மைதானுங்க, கைக்கொப்புளம் பட்டறையில ஆனதுங்கன்னு நான் கத்துனேன். "மெட்ராஸ்ல இருந்தே தந்தி வந்திருக்குதும்மா, அங்க இருக்கறவருக்குத் தெரியாதா?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னதைத்தான் நீ தந்தியில எழுதியிருக்கறேன்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வெக்கறது? நான் சொன்ன பொய்யே மெட்ராஸ் போய்ச் சட்டை போட்டுக்கிட்டுத் திரும்பி வந்து என்ற ஊட்டுக்காரரை இழுத்துக்கிட்டுப் போச்சு.

போறதுக்கு முந்தி அவியளுக்கும், மயிலாளுக்கும், வீதியில இருக்கற அத்தனை பேருக்கும் அம்மை குத்துனாங்க. எனக்கும் மாமியாளுக்கும் பழைய தழும்பு நல்லா இருக்குதுன்னு உட்டுட்டாங்க.

கொட்டகையில ரெண்டு ராத்திரி வெச்சிருந்தாங்க. பக்கத்துப் படுக்கையில மூஞ்சியே தெரியாத அளவுக்கு நெசமான பெரியம்மையோட ஒருத்தர் படுத்திருந்தாராம். அவியளுக்குத் தண்ணி மோந்து குடுத்ததே அவருதானாம். அப்புறம் பெரிய டாக்டர் வந்து, மஞ்சளைக் கழுவச் சொல்லிப் பார்த்துட்டு, "இது சின்னம்மைடா, இவனை எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?"ன்னு சத்தம் போட்டாராம். இன்னைக்கு ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. அவிய வாசல்ல வந்து நிக்கறாங்க, உள்ள வர மாட்டீங்கறாங்க. "புள்ளையை அக்கட்டக் கூட்டிக்கிட்டுப் போ"ங்கறாங்க. நான்தான் கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டு வந்தேன்.

என்ற காயிதம் உனக்கு ஏன் வந்து சேரலைன்னு அப்புசாமியைக் கேட்டேன். ஆத்தா இருக்கற ஊட்டுக் காயிதத்தை அப்படியே தபால்ல போட்டா, தொடறவங்களுக்கெல்லாம் தோசமாயிரும்னு மாரியாத்தா கோயில் வேப்பமரத்துக்குக் கீழ மூணு நாள் வெச்சிருந்து, மஞ்சத்தண்ணி தெளிச்சுத்தான் போட்டானாம். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கறான். அவன் கையையா நான் கடிக்க முடியும்?

ரங்காத்தாள்.

✽

சென்னை,
31-3-1961

அன்புள்ள அக்காவுக்கு,

மஞ்சள் கறையோடு உங்கள் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. இருபத்தைந்து வரை கடிதம் வரவில்லை என்றால் அது பெரியம்மைதான் என்று முடிவு கட்டியது நான். வராத கடிதம் எதையும் சொல்லவில்லைங்க. அதன் வாயில் நான்தான் வார்த்தையைத் திணித்தேன். மன்னிப்புக் கேட்டால் தீருகிற காரியம் இல்லை இது.

இப்போது பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மை குத்திய இடத்தில் எட்டாம் நாள் சீழ்க்கொப்புளம் வந்திருக்கவேண்டும். வந்தால் காப்பு ஏறிவிட்டது, மச்சானும் மயிலாளும் தப்பித்தார்கள். வராவிட்டால் அதற்குக் காரணம் பல இருக்கலாம். நான் இந்தத் தடவை எதையும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. இரண்டு பேர் கையிலும் குத்திய இடத்தைப் பாருங்கள். அன்றைக்கு அதே ஆள் குத்திய வீதிக்காரர்கள் கையையும் பாருங்கள், முக்கியமாகக் குழந்தைகளை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் அனுப்புங்கள், உங்கள் கையாலேயே போடுங்கள்.

லீவு கேட்டிருக்கிறேன். கோடையில் அம்மை பரவும் இந்த வேசகாலத்தில் ஒருத்தருக்கும் கிடையாது என்கிறார்கள்.

அர்த்தநாரி.

✽

திருப்பூர்,
4-4-1961

தம்பி,

பார்த்ததை மட்டும் எழுதறேன்.

உன்ற மச்சான் கையில ஒண்ணும் இல்லை. கீறுன கோடு காஞ்சு உதுந்து போச்சு. மயிலா கையிலயும் ஒண்ணும் இல்லை. அவளுக்குக் குத்துனதும் எங்க மாமியா மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவிட்டாங்க, அதுனாலயோ என்னவோன்னு மொதல்ல நெனச்சேன். பொறவு வீதிக்குப் போனேன். மாரக்காள் ஊட்டுல மூணு புள்ளைங்க, பெரியாத்தாள் பேத்தி, நெசவுக்காரர் ஊட்டு ரெட்டைப் புள்ளைங்க. யாரும் கழுவலையாம். ஒருத்தர் கையிலயும் ஒண்ணும் இல்லை. மாரக்காளுக்கு நெம்ப சந்தோசம். "ஒரு காய்ச்சல்கூட வரலை பாரு, நம்ம புள்ளைங்களுக்கு நல்ல ரத்தம்"ங்கறா.

நானும் சிரிச்சு வெச்சுட்டு வந்துட்டேன். ஆனா நீ எதுக்கு மத்தவங்க கையைப் பார்க்கச் சொன்னேன்னு வர்ற வழியில யோசிச்சேன். பட்டறை ஆளுங்க கைக்கும் இதையேதான் சொன்னே. அப்ப அல்லாரு கையிலயும் இருந்துச்சு, பயம் போச்சு. இப்ப அல்லாரு கையிலயும் இல்லை. நடு வீதியில நின்னுட்டேன் தம்பி.

அந்தப் பால் செத்த பாலா?

அக்கா.

✽

சென்னை,
7-4-1961

அக்கா,

ஆமாங்க. அப்படித்தான் இருக்கவேண்டும். ஒரு தெருக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் கொப்புளம் வரவில்லை என்றால், பால் உயிரோடு வந்து சேரவில்லை. இந்த வெயிலில் ஐஸ் கரைந்தால் ஒரு பகலில் செத்துப்போகும். அது நான் அடைத்த குப்பியாகவும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வருகிறேன். தெர்மாஸ் நிறைய ஐஸ் போட்டுப் புதுப் பாலை நானே மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் மச்சான் தனி அறையில் இருக்கட்டும். பத்தாம் தேதி காலை வண்டியில் இறங்குவேன்.

இந்த நேரத்தில் மயிலாளுக்கு மச்சானிடமிருந்து சின்னம்மை வந்தாலும் வரலாம். மச்சானுக்குக் கொட்டகையிலிருந்து மற்றது வந்தாலும் வரலாம். முதல் நாள் பார்வையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எங்கள் பெரிய டாக்டர்களே தடுமாறுகிறார்கள். நீங்கள் எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் வந்து பார்க்கிறேன்.

பயமா இருக்குதுங்க அக்கா. அதைத் தவிர எனக்கு எழுதத் தெரியலைங்க.

அர்த்தநாரி.

✽

(வாசல் வேப்பந்தழையில் செருகி வைத்தது)

10-4-1961, வெடியால

தம்பி,

உள்ள கால் வெக்கறதுக்கு முந்தி இதைப் படிச்சுரு. வாயால சொன்னா என்ற மூஞ்சியே காட்டிக் குடுத்துரும், அதுக்குத்தான் எழுதி வெச்சிருக்கறேன்.

நேத்துப் பொழுதோட நான் ஒண்ணு பார்த்தேன்.

யார் மேலன்னு எழுத மாட்டேன். எங்கன்னும் எழுத மாட்டேன். எத்தனை, என்ன நெறம், ஒண்ணும் எழுத மாட்டேன். உள்ளங்கையைப் பாருன்னு நீ சொன்னதும் என்ற கண்ணு உள்ளங்கைக்கே போச்சு. அதை நம்பி நீ ஒரு தந்தி அடிச்சே. இப்ப நான் சொன்னா உன்ற கண்ணும் அங்கயேதான் போய் நிக்கும். பொறவு அது நீ பார்த்ததா, நான் பார்த்ததான்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாமப் போயிரும்.

கொசுக்கடியா இருக்கலாம். வேர்க்குருவா இருக்கலாம். ராத்திரி பூரா இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். இன்னொருக்கா போய்ப் பார்க்கோணும்னு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தேன். போகலை. போனா அது இன்னும் பெருசாத்தான் தெரியும், இல்லாட்டித் தெரியாமலே போகும். என்ற கண்ணை நானே நம்பலை.

நாங்க நாலு பேரும் மஞ்சளெல்லாம் கழுவிக் குளிச்சுட்டு, உன்ற மச்சான் ஒரு அறையில, நாங்க மூணு பேரும் ஒரு அறையில, வெளிச்சம் வர்ற சன்னலோரமா உக்காந்திருக்கறோம். மாமியாளும் குளிச்சுட்டாங்க. என்ன சொல்லிக் குளிக்க வெச்சேன்னு கேக்காதே. நீ ஒருத்தர் ஒருத்தரா பாரு. தலையிலிருந்து கால் வரைக்கும் அல்லாரையும் ஒரே மாதிரி பாரு. நான் செவுத்தைப் பார்த்து உக்காந்துக்குவேன்.

நீயும் பார்த்தீன்னா சத்தமாச் சொல்லிரு. ஒண்ணும் இல்லீன்னா இன்னொருவாட்டி பார்த்துட்டுச் சொல்லு.

மாமன் வருதுன்னு சொன்னதிலிருந்து மயிலா உன்ற மடியிலதான் உக்காருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. பார்த்து முடிக்கற வரைக்கும் வேண்டாம். பார்த்து முடிச்சதும், எது இருந்தாலும், அவளை மடியில வெச்சுக்க.

அக்கா.